கோட்டுக்குக் கீழே பதினைந்தாவது பெயர்

ஏழுமலை அண்ணன் ஷேர் ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கினார். பிறகு கையை நீட்டி, புதுப்புடவை கசங்காமல் தன் மனைவியை இறக்கினார். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. கணவர் ஆடுவதைப் பார்க்க அந்த அக்கா மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

தாம்பரம் மைதானத்தின் வாசலில், துருப்பிடித்த கம்பிக் கதவை ஒட்டி, அறுபது தாள்களை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படித்த காலம். ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணி வெயில். தாள்களில் ஜெராக்ஸ் மெஷினின் சூடு இன்னும் இருந்ததாக நினைவு. முந்தின நாள் மாலையே எடுத்த தாள்கள், அதற்குள் ஆறியிருக்குமே என்று இப்போது தோன்றுகிறது. வெயிலின் சூடாக இருக்கலாம்.

"இன்னா எடிட்டரம்மா, எம் பேரு கீதா?" என்றார் ஏழுமலை அண்ணன்.

பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு மேட்ச்சுக்கும் இப்படித்தான் கேட்பார். நானும் அவரைப் போலவே இழுத்து, "கீது அண்ணா" என்பேன். அன்றைக்கும் அப்படியே சொன்னேன். பெயர் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

அவர் தாளை மனைவியிடம் கொடுத்து, நான் எங்கே இருக்கிறேன் கண்டுபிடி என்றார். அக்கா விரலை வைத்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். விரல் ஒரு கோட்டைத் தாண்டியது. இன்னும் இறங்கியது. கடைசிப் பெயரில் நின்றது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "செம வெயிலா கீது. வா, போலாம்" என்று மனைவியிடம் சொன்னார். வந்த ஆட்டோ ஆள் நிரம்பாமல் அங்கேயே நின்றிருந்தது. அதிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்த மைதானத்திலும் இறங்கி ஆடவில்லை.

ஒரு தாள், நாலு பக்கம்

இந்தத் தொடரில் அப்பாவின் ஃபுட்பால் கிளப்பைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எழுதினால் மேலே சொன்னதையும் எழுத வேண்டும். அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

அப்பா அந்தக் கிளப்பின் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பது, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது, பாதி ஆட்டத்தில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி உப்போடு நீட்டுவது எல்லாம் செயலாளரின் வேலை. மூன்றாம் டிவிஷன். எங்கள் ஆட்டங்களுக்கு நூறு பேர் வந்தால் திருவிழா.

ஆனால் எங்களிடம் ஒரு புரோகிராம் இருந்தது. அப்பா அப்படித்தான் சொல்வார். ஆட்டக்காரர்களுக்கு அது நோட்டீஸ். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். முன்பக்கத்தில் யாரோடு யார், எத்தனை மணிக்கு. 'ஆட்டம் சரியாக நான்கு மணிக்கு' என்று எழுதுவோம். ஒருநாளும் நான்குக்குத் தொடங்கியதில்லை. உள்ளே ஆட்டக்காரர்களின் பெயர்கள். எதிரணியின் பட்டியல் வந்து சேராவிட்டால் 'நேரில் காண்க' என்று போட்டுவிடுவோம். பின்பக்கத்தில் சைக்கிள் கடை, டெய்லர் கடை, டீக்கடை விளம்பரங்கள்.

அதைக் கையால் எழுதியது நான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம். அடித்தல் திருத்தல் இருந்தால் முழுத் தாளையும் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதுவேன்.

பெரும்பாலானவர்கள் அந்தத் தாளைத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். சிலர் சுண்டல் மடித்தார்கள். முதலில் அழுகை வரும். பிறகு பழகிவிட்டது. உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை படிக்கிறார்கள் அல்லவா என்று தேற்றிக்கொண்டேன்.

'வீரர் அறிமுகம்' என்று நானே ஒரு பகுதி சேர்த்திருந்தேன். ஏழுமலை அண்ணனைப் பற்றி எழுதியது இன்னும் மனப்பாடம்: 'இவர் தலையால் முட்டும் பந்து, கிணற்றில் விழுந்த தேங்காய் போலச் சத்தம் போடும்.' அவர் பம்மலில் தோல் கம்பெனியில் வேலை செய்தார். ஆட்டத்தில் ஸ்டாப்பர் பேக். அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, மேலே வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்புபவர். என் வரி வந்த தாளை மடித்து, பர்ஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதன் மடிப்பெல்லாம் கம்பெனி வாசனை அடிக்கும்.

கோடு

அப்பாவுக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து "இன்றைக்கு நீ ஆடவில்லை" என்று சொல்ல வராது. வீட்டிலும் அப்படித்தான். கடன் கேட்டு வருபவரிடம்கூட இல்லை என்று சொல்லாமல் காபி கொடுத்து உட்கார வைத்திருப்பார்.

அதனால் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அணியை யாரும் வாயால் அறிவிப்பதில்லை. என் தாள்தான் அறிவிப்பு. பதினைந்து பெயர்கள். பதினோராவது பெயருக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் ஆடுவார்கள். கீழே இருப்பவர்கள் காத்திருப்பார்கள். வாசலில் தாளை வாங்கி, கோட்டைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். யாருக்கும் மனக்கசப்பில்லாத ஏற்பாடு என்று அப்பா பெருமைப்படுவார். கசப்பை அவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதே உண்மை.

அது சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் மூன்றாம் டிவிஷனிலேயே இருப்போம். தோற்றால் நான்காவதுக்கு இறங்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை அப்பா ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். பார்த்து எழுதினேன். மறுநாள் எனக்குக் கணக்கு டியூஷன் டெஸ்ட். ஒரு கண் அதில் இருந்தது. பதினான்கு பெயர்கள் எழுதி, பதினோராவதின் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுவிட்டு, சீட்டைச் சரிபார்த்தேன். ஆறாவது பெயரை விட்டிருந்தேன். ஏழுமலை. அதற்குப் பிறகு இருந்த எல்லோரும் ஓர் இடம் மேலே வந்துவிட்டார்கள். காத்திருக்க வேண்டிய ஒருவர் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தார்.

அடித்து எழுதினால் தாள் அசிங்கமாகிவிடும். திரும்ப முதலிலிருந்து எழுத நேரமில்லை. ஜெராக்ஸ் கடை ஏழு மணிக்கு மூடிவிடும். கீழே பதினைந்தாவது இடம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்.

பெயர் இருந்தால் போதாதா, அவர் ஆடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன். கோட்டின் பொருள் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரியும். அந்தக் கோட்டை வாராவாரம் போட்டதே நான்.

அன்றைய ஆட்டம்

ரெஃப்ரியை ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்துவருவதும் செயலாளர் வேலை. அதனால் அப்பா வாசலில் இல்லை. அவர் வந்து சேர்ந்தபோது அணி மைதானத்தில் இறங்கியிருந்தது. கேப்டன் தாளில் உள்ளபடி நிறுத்தியிருந்தார். ஏழுமலை எங்கே என்று அப்பா கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அப்பா கோட்டோரம் நின்று என் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்க விளம்பரத்தைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது ஒரு கார்னர். தலைக்கு மேலே ஒரு பயிற்சி விமானம் போனது. அதன் இரைச்சலில் விசில்கூடக் கேட்கவில்லை. பந்து நேராக ஸ்டாப்பர் நிற்கும் இடத்துக்கு வந்தது. அங்கே அவர் இல்லை. எதிரணிக்காரர் தலையால் முட்டினார். ஒன்றுக்குப் பூஜ்யம்.

அடுத்த வாரம் அப்பா, "உனக்குப் பரீட்சை வருது. இனிமே நானே எழுதிக்கிறேன்" என்றார். பரீட்சை வரத்தான் செய்தது. அடுத்த சீசனில் அப்பாவின் கையெழுத்தில் நாலைந்து தாள்கள் வந்தன. பிறகு கிளப்பே நின்றுவிட்டது.

மித்ராவின் கோச்

இப்போது சிட்லபாக்கத்தில் இருக்கிறோம். என் மகள் மித்ராவுக்கு எட்டு வயது. ஆறு மாதமாக ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறாள். நான் சேர்க்கவில்லை, அவளாகக் கேட்டாள். முழங்கால் சிராய்ப்பு, வெயில், தண்ணீர் பாட்டில், கால்விரல் நகம் என்று நான் கவலைப்படுவதற்கு அதில் நிறைய இருக்கிறது. தலையால் பந்தை முட்டுவது குழந்தைகளுக்கு நல்லதில்லை என்று எங்கோ படித்துவிட்டு, ஒருநாள் கோச்சிடம் போய்க் கேட்டேன்.

கோச் காவ்யாவுக்கு வயது பத்தொன்பது இருக்கும். காட்டாங்குளத்தூரில் படித்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"இந்த வயசுல ஹெட்டிங் கிடையாது, பயப்படாதீங்க அக்கா" என்று சிரித்தாள். "எங்கப்பாகிட்டதான் இதைச் சொல்லிடாதீங்க. அவர் ஸ்டாப்பர் பேக். தலை எதுக்கு இருக்குன்னு கேப்பாரு."

எங்கே ஆடினார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பம்மல் பக்கம் ஏதோ ஒரு கிளப் என்றாள். அப்புறம் தானாகவே சொன்னாள்.

"வீட்ல அவருக்குப் பட்டப்பேரே பதினஞ்சாவது ஆளுதான். கல்யாணமான புதுசுல அம்மாவ மேட்ச் பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்காரு. பேரு கடைசில இருந்துச்சாம். இப்பவும் அம்மா அவருக்குக் கடைசியா தோசை போட்டா, பதினஞ்சாவது ஆளு வாங்கன்னு கூப்பிடுவாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே வந்து உக்காருவாரு."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மித்ராவின் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன்.

அடுத்த மூன்று வாரமும் என் கணவரை அனுப்பினேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "இருபது வருஷம் ஆச்சு, விடு. அவங்களே அதை ஜோக்கா எடுத்துக்கிட்டாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சொன்னால் ஏழுமலை அண்ணனுக்கு என்ன கிடைக்கும்? என் பாரம் குறைய வேண்டும் என்பதற்காக அவர் பழைய காயத்தைக் கிளறுவதா? இன்னொன்றும் இருந்தது. அவர் அப்பாமேல்தானே இத்தனை காலம் கோபமாக இருந்திருப்பார்? அப்பா என்னோடுதான் இருக்கிறார். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறார். நான் வாயைத் திறந்தால் இரண்டு பேரும் அதைக் கேட்டாக வேண்டும்.

"என் பேரு இருக்கா?"

நாலாவது வாரம், வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அணியோடு பிள்ளைகளுக்கு மேட்ச். பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. இப்போதெல்லாம் யாரும் தாள் அடிப்பதில்லை. உட்காருவதற்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுகிறார்கள்.

மித்ரா தலை பின்னிக்கொள்ள என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, என் பேரு இருக்கா?"

மேலே ஏழு பெயர்கள். பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டாவதாக மித்ரா.

"இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் எனக்கே கேட்டது. வாசலில் தாள்களை அணைத்துக்கொண்டு நின்ற பெண்ணின் அதே குரல். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அவளை என் பக்கம் திருப்பினேன்.

"இருக்குடா. ஆனா கோட்டுக்குக் கீழ இருக்கு. முதல்ல வெளியதான் உட்காரணும்."

உதடு பிதுங்கியது. கொஞ்சம் அழுதாள். பிறகு, யார் யார் மேலே இருக்கிறார்கள் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "ரியா நல்லா ஆடுவா" என்று ஒப்புக்கொண்டு மறுபடி முதுகைக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன்.

வேலிக்குப் பக்கத்தில்

காவ்யாவை அழைத்துப்போக ஏழுமலை அண்ணன் வந்திருந்தார். கம்பி வேலியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். முன்தலை வழுக்கை, உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. ஆனால் பந்து மேலே எழும்பும்போதெல்லாம் கழுத்து தன்னால் விறைத்தது.

பக்கத்தில் போய், நான் யாருடைய மகள் என்று சொன்னேன்.

"செகரட்ரி சார் பொண்ணா" என்றார். எடிட்டரம்மா என்று சொல்லவில்லை. பார்வை மைதானத்திலேயே இருந்தது.

நிறைய ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எதுவும் வரிசையாக வரவில்லை. சீட்டு, டெஸ்ட், ஜெராக்ஸ் கடை, அடித்தல் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். அப்பா உங்களை ஆறாவதாகத்தான் எழுதியிருந்தார், கீழே போட்டது நான், வாசலில் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவர் வேலியிலிருந்து ஒரு கையை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மறுநாளு உங்கப்பா கம்பெனி கேட்டாண்ட வந்தாரு. தப்பு என்னுதுப்பான்னு சொன்னாரு. அப்ப நான் ஆடலன்னு முன்னாடியே மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா சார், பொண்டாட்டிய கூட்டிகினு வந்திருந்தேனேன்னு கேட்டேன். வாயே தொறக்கல. அப்பிடியே நின்னாரு. நானும் கதவ சாத்திகினு உள்ள போய்ட்டேன்."

அப்பா போனது எனக்குத் தெரியாது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்து, எனக்குத் தெரியாது.

"அப்ப, புள்ள பேர சொல்லக் கூடாதுன்னுதான் நின்னுகினு இருந்தாரா?" என்று வேலியிடம் கேட்பது போலக் கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "நான் ஆடியிருந்தாலும் தோத்துதான் இருப்போம்" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "இல்ல. அந்த ஹெட்ட நான் எடுத்திருப்பேன்" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் செல்ஃபோனை எடுத்தார். என்னைவிட்டு நாலடி தள்ளிப் போனார். ஆனால் சத்தமாகப் பேசிப் பழகியவர்.

"இன்னா பண்ணிகினு கீற? தபாரு, ஒரு விஷயம். நான் டீம்ல இருந்தேனாம். ஆமா, அன்னிக்கிதான். ஆறாவது பேராம் நானு. செகரட்ரி பொண்ணே சொல்லுது. இனிமே தோச போட்டுட்டு எதுனா சொல்லு, பாக்கலாம்."

அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாரோ, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள்பட்டையில் கண்ணைத் துடைத்தார்.

அடித்தல் இல்லாத தாள்

வீட்டுக்கு வந்தபோது அப்பா பால்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். மித்ராவின் ஜெர்சியை மடித்து, அதன்மேல் கையை வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்பா?"

"சீட்டோட நகல் என் பையில இருந்துதும்மா. கிரவுண்ட்லயே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் என்னைத் திட்டல?"

"அவ்வளவு அழகா எழுதியிருந்தே. ஒரு அடித்தல் இல்ல" என்றார் அப்பா.

அதற்குமேல் அவரால் சொல்ல முடியாது, சொல்ல வராதவர்தான். என் பெயரைச் சொல்லியிருந்தால் ஏழுமலை அண்ணன் அன்றே சமாதானமாகியிருப்பார். அடுத்த சீசன் ஆடியிருப்பார். ஒரு நல்ல ஆட்டக்காரரையும் ஒரு நண்பரையும் விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மித்ராவுக்காக நான் இதைச் செய்வேனா என்று கேட்டுக்கொண்டால், உடனே செய்வேன் என்றுதான் மனம் சொல்கிறது. அந்த 'உடனே'தான் பயமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை அண்ணன் அக்காவோடு வீட்டுக்கு வந்தார். அவரும் அப்பாவும் பழைய விஷயத்தைத் தொடவேயில்லை. ஒருநாளும் நேரத்துக்கு வராத ரெஃப்ரி ஒருவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். அக்கா என்னிடம், "ஒரு வாரமா இவர் பண்ற அலப்பறை தாங்கல. பதினஞ்சாவது ஆளாவே இருந்திருக்கலாம்" என்றார்.

கிளம்பும்போது, இதையெல்லாம் தொடரில் எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், அல்லது பெயரையாவது மாற்றிவிடுகிறேன் என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார்.

"பேர மாத்தாத எடிட்டரம்மா. ஆனா மேல போடு."

போட்டிருக்கிறேன் அண்ணா. முதல் வரியைப் பாருங்கள். உங்கள் பெயருக்கு மேலே யாரும் இல்லை.